மாகாண சபையின் ஆயுள் எவ்வளவு? கொழும்பில் புதிதாக வாக்காளர் ஆகிறவர்களுக்கு

கொழும்பில் குடியேறிச் சில மாதங்கள் ஆனதும் 'மேல் மாகாணம்' என்ற பெயர் எங்கு பார்த்தாலும் கண்ணில் படத் தொடங்கும். ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தில் இருக்கும். தனியார் பஸ்ஸின் வழித்தட அனுமதியில் இருக்கும். காணி வாங்கினால் முத்திரை வரி கட்டிய பற்றுச்சீட்டிலும் இருக்கும். இந்த மாகாணத்துக்கு ஒரு சபை உண்டு, அதற்கு 104 உறுப்பினர்கள் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சரி, உங்கள் மாகாண சபை உறுப்பினர் யார் என்று பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். பதில் வராது. அப்படி ஒருவர் இப்போது இல்லை. 2019 ஏப்ரலில் மேல் மாகாண சபையின் ஐந்து வருடம் முடிந்தது. இதை எழுதும்வரை அடுத்த சபை தெரிவாகவில்லை.

புதிதாக 18 வயதானவர்களுக்கும், யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வேலைக்காக இங்கே வந்து தங்கியவர்களுக்கும் இது பயன்படும். பதவிக்காலம் என்ற ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மாகாண சபை பற்றிய குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

முதலில், எந்தச் சபை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

வெள்ளவத்தையில் இருப்பவர் நான்கு தேர்தல்களில் வாக்களிக்கலாம்: ஜனாதிபதி, பாராளுமன்றம், மாகாண சபை, மாநகர சபை. முதல் மூன்றுக்கும் காலம் ஐந்து வருடம். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகிய உள்ளூராட்சி மன்றங்களுக்கு நான்கு வருடம்.

மாநகர சபையையும் மாகாண சபையையும் ஒன்றாக நினைப்பவர்கள் ஏராளம். குப்பை, சோலை வரி, ஒழுங்கையில் எரியாத விளக்கு எல்லாம் நகர மண்டபத்தில் இருக்கும் கொழும்பு மாநகர சபையின் வேலை. அதற்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. எனவே உங்களுக்கு மாநகர சபை உறுப்பினர் உண்டு, மாகாண சபை உறுப்பினர்தான் இல்லை. மேல் மாகாணம் என்பது கொழும்பு, கம்பஹா, களுத்துறை ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்தது.

அடுத்து, ஐந்து வருடத்தை எங்கிருந்து எண்ணுவது

மாகாண சபை முறை 1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் ஜே.ஆர். ஜயவர்தனவும் ராஜீவ் காந்தியும் கைச்சாத்திட்ட இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு வந்தது. அதே வருடம் நவம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் நிறைவேறியது. அதில் 154உ என்ற உறுப்புரைதான் பதவிக்காலத்தைச் சொல்கிறது. சபையின் முதல் கூட்டத்துக்கு நியமிக்கப்பட்ட திகதியிலிருந்து ஐந்து வருடம். அது முடிந்தால், அந்த முடிவே கலைப்பு. யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

தேர்தல் நாளிலிருந்து எண்ணக்கூடாது, முதல் கூட்டத்திலிருந்துதான் எண்ண வேண்டும். வட மாகாண சபைக்கு 2013 செப்டம்பர் 21ஆம் திகதி வாக்களிப்பு. முதல் அமர்வு கூடியதோ ஒக்டோபர் 25ஆம் திகதி. ஆகவே அந்தச் சபை 2018 ஒக்டோபர் 24 நள்ளிரவோடு முடிந்தது, செப்டம்பரில் அல்ல. வடக்கின் முதலமைச்சராக இருந்த சி.வி. விக்னேஸ்வரன் அந்தக் கடைசி நாளிலேயே தன் புதுக் கட்சியை அறிவித்தார். மறுநாள் அவர் முன்னாள் முதலமைச்சர்.

இந்த ஐந்து வருடத்தை நீட்ட எந்த அமைச்சருக்கும் அதிகாரம் இல்லை. உள்ளூராட்சி மன்றங்களின் கதை வேறு. 2018இல் தெரிவான மன்றங்களின் காலத்தை அமைச்சர் ஒரு வருடம் நீட்டினார், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. மாகாண சபைக்கு அந்தச் சலுகை கிடையாது. எல்லா மாகாணங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் வைப்பதற்காக 2017இல் ஒரு அரசியலமைப்புத் திருத்தச் சட்டமூலம் வந்தது. அதன்படி சில சபைகளின் ஆயுள் நீண்டிருக்கும். அதற்குச் சர்வஜன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டமூலம் அத்தோடு நின்றது.

ஐந்து வருடத்துக்கு முன்பே கலைந்தால்?

கலையலாம். ஆளுநருக்கு சபையைக் கலைக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் சபையின் பெரும்பான்மை அமைச்சர் வாரியத்தின் பக்கம் இருக்கிறது என்று ஆளுநர் கருதும்வரை, முதலமைச்சரின் ஆலோசனைப்படிதான் அவர் அதைச் செய்ய வேண்டும். முதலமைச்சரும் கொழும்பில் ஆளும் கட்சியும் ஒரே பக்கம் என்றால் கலைப்பு மிகச் சுலபம். 2008 மே மாதம் தெரிவான கிழக்கு மாகாண சபை, காலம் முடிய ஏறத்தாழ ஒரு வருடம் இருக்கும்போதே 2012 ஜூனில் கலைக்கப்பட்டு, செப்டம்பரில் தேர்தலுக்குப் போனது. மேல் மாகாண சபையும் 2014 ஜனவரியில் கொஞ்சம் முன்கூட்டியே கலைந்தது. அரசாங்கங்கள் தங்களுக்குச் சாதகமான நேரம் பார்த்து ஒரு மாகாணம், இரண்டு மாகாணம் என்று தனித்தனியாகத் தேர்தல் வைத்ததெல்லாம் இந்த வழியில்தான். ஒன்பது மாகாணங்களின் காலமும் ஆளுக்கொரு திகதியில் முடிந்ததற்குக் காரணமும் அதுவே.

உறுப்பினரின் காலம் ஒன்று, முதலமைச்சரின் காலம் வேறு

சபைக்கு ஐந்து வருடம் என்றால் உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் ஐந்து வருடம் என்று அர்த்தமில்லை. பலர் இடறுவது இங்கேதான்.

உறுப்பினர் இடையில் இராஜினாமாச் செய்யலாம், இறந்துபோகலாம், பாராளுமன்றத்துக்குத் தெரிவாகலாம். ஒரே ஆள் இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. மனோ கணேசன் 2014இல் கொழும்பு மாவட்டத்திலிருந்து மேல் மாகாண சபைக்குத் தெரிவானார். 2015 ஆகஸ்ட்டில் பாராளுமன்றத்துக்குப் போனார். இப்படிக் காலியாகும் இடத்துக்கு இடைத்தேர்தல் வைப்பதில்லை. அதே கட்சிப் பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் உள்ளே வருவார், வந்து சபையின் மீதிக் காலத்துக்கு மட்டும் இருப்பார். கட்சி ஒருவரை நீக்கினாலும் ஆசனம் ஆபத்தில்தான். அவர் நீதிமன்றம் போய் நீக்கத்தை எதிர்த்துப் பார்க்கலாம்.

போனஸ் ஆசனம் இன்னொரு ரகம். மாகாணத்தில் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு இரண்டு ஆசனம் மேலதிகமாகக் கிடைக்கும், அதில் யாரை அமர்த்துவது என்பது கட்சியின் விருப்பம். வடக்கில் 38 ஆசனத்தில் 30ஐ வென்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, தன் இரண்டு போனஸ் ஆசனங்களில் ஒன்றை ஆண்டுக்கு ஒருவர் என்று சுழற்சியில் கொடுத்தது. ஆக, அந்த ஆசனத்தில் இருந்தவர்கள் மாகாண சபை உறுப்பினர்தான், ஆனால் ஐந்து வருட உறுப்பினர் அல்லர். தோற்ற வேட்பாளர்களை ஆறுதல்படுத்த நல்ல வழி. ஒரு வருடத்தில் ஓர் உறுப்பினர் எதைப் படித்து எதைச் செய்து முடிப்பார் என்பதுதான் கேள்வி.

முதலமைச்சருக்கு எழுதப்பட்ட காலம் எதுவும் இல்லை. சபையின் பெரும்பான்மை உள்ளவரை அவர் முதலமைச்சர். அவரோடு அதிகபட்சம் நான்கு அமைச்சர்கள், அவ்வளவுதான், பாராளுமன்றம் போல் ஊர்வலம் கிடையாது. 2012இல் தெரிவான கிழக்கு மாகாண சபையில் நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சராக இருந்தார். 2015 பெப்ரவரியில் அந்த இடத்துக்கு நசீர் அஹமட் வந்தார். தேர்தல் இல்லை, கலைப்பு இல்லை, அதே சபை. அதே வருடம் மேல் மாகாணத்திலும் பிரசன்ன ரணதுங்க பாராளுமன்றம் போக, இசுர தேவப்பிரிய முதலமைச்சரானார். 2017 ஜூனில் வடக்கில் விக்னேஸ்வரனுக்கு எதிராக அவருடைய அணி உறுப்பினர்களே நம்பிக்கையில்லாப் பிரேரணையை ஆளுநரிடம் கொடுத்து, பிறகு திரும்பப் பெற்றதும் நினைவிருக்கலாம். சபையின் ஆயுளுக்கு அதனால் ஒரு நாளும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

மூன்றாமவர் ஆளுநர். அவரை ஜனாதிபதி நியமிக்கிறார். ஐந்து வருடம் என்று எழுதியிருந்தாலும் ஜனாதிபதி விரும்பும்வரை மட்டும்தான் பதவி. ஜனாதிபதி மாறினால் ஆளுநர்களும் மாறுவது வழக்கம். 2024 செப்டம்பரில் ஜனாதிபதி மாறிய சில நாட்களுக்குள்ளேயே மேல் மாகாணத்துக்கு ஹனீப் யூசூப் நியமிக்கப்பட்டார். சபை முடிவதால் ஆளுநரின் பதவி முடிவதில்லை. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

காலம் முடிந்தது, அடுத்த சபை ஏன் வரவில்லை?

சட்டத்தைப் படித்தால் இந்தக் கேள்விக்கே இடமிருக்கக் கூடாது. 1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மாகாண சபைகள் தேர்தல் சட்டப்படி, சபை கலைந்து ஒரு வாரத்துக்குள் தேர்தல் நடத்தும் அறிவித்தல் வர வேண்டும். பழைய காலத்தில் அப்படித்தான் வந்தது.

தள்ளிப்போட முயன்றதும் உண்டு. 1998இல் மேல் மாகாணம் உட்பட ஐந்து சபைகளின் காலம் முடிந்து, ஆகஸ்ட் 28 வாக்களிப்பு என்று திகதியும் குறித்தாகிவிட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் அவசரகால விதியைக் காட்டி அந்தத் தேர்தலை நிறுத்தினார்கள். இரண்டு வாக்காளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். வாக்களிப்பதும் கருத்து வெளியிடும் சுதந்திரத்தின் ஒரு பகுதி, அதை இப்படித் தடுக்க முடியாது என்று 1999 ஜனவரியில் நீதிபதி மார்க் பெர்னாண்டோ தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஏப்ரலில் தேர்தல் நடந்தது. வாக்குரிமை பற்றி இலங்கையில் யார் வழக்குப் போட்டாலும் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

இப்போதைய முட்டுக்கட்டையை நீதிமன்றத்தால் அவிழ்க்க முடியாமல் போனதற்குக் காரணம், முடிச்சே சட்டத்துக்குள் விழுந்திருப்பதுதான். 2017 செப்டம்பரில் பாராளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றியது. பழைய முறையில் மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி, கட்சிக்கு ஒரு புள்ளடி, வேட்பாளர் மூவருக்கு விருப்பு வாக்கு. புதிய முறையில் பாதி உறுப்பினர்கள் சிறு தொகுதிகளிலிருந்து வருவார்கள், பாதிப் பேர் விகிதாசாரப் பட்டியலிலிருந்து. தொகுதி என்றால் எல்லை வேண்டும். அதற்காக முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். குழு வேலையை முடித்து அறிக்கையைக் கொடுத்தது.

2018 ஆகஸ்ட் 24ஆம் திகதி அந்த அறிக்கை பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்கு. ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைச் சபையில் வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். தாங்களே சட்டம் போட்டு, தாங்களே குழு நியமித்து, தாங்களே தோற்கடித்த அறிக்கை இது.

அடுத்து பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு என்றார்கள், அதன் அறிக்கை வரவில்லை. பழைய முறைப்படியாவது தேர்தல் வைக்க முடியுமா என்று 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்தின் அபிப்பிராயத்தைக் கேட்டார். முடியாது என்ற பதில் வந்தது. பழைய முறை 2017 சட்டத்தோடு போய்விட்டது, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. இதற்கிடையில் 2017 செப்டம்பர் முதல் 2019 ஒக்டோபர் வரை ஒவ்வொன்றாக ஒன்பது சபைகளும் முடிந்தன.

இதைத் தீர்க்க அரசியலமைப்பைத் தொடத் தேவையில்லை. பழைய முறைக்குத் திரும்ப ஒரு சாதாரணத் திருத்தச் சட்டம் போதும், இல்லாவிட்டால் எல்லை நிர்ணயத்தை முடிக்க வேண்டும். இரண்டும் பாராளுமன்றத்தின் கையில்தான் இருக்கின்றன. ஆகவே 'சட்டச் சிக்கல்' என்று மேடையில் யாராவது சொன்னால், அந்தச் சிக்கலை அவிழ்க்கும் கை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தொகுதி முறை வந்தால், கொழும்பு போன்ற இடத்தில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மட்டக்குளியிலும் பரந்து கிடக்கும் தமிழ் வாக்கு எப்படி எண்ணப்படும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். விகிதாசார முறையில் மாவட்டம் முழுவதும் உள்ள வாக்கு ஒரே பெட்டியில் சேரும். சிறு தொகுதிகளாக வெட்டினால் சேராது.

வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு இந்த வெற்றிடம் ஒன்றும் புதிதல்ல. இணைந்த வடகிழக்கு மாகாண சபை 1990இல் கலைந்த பிறகு வடக்கு தன் அடுத்த சபையைக் கண்டது 2013இல்.

உறுப்பினர் இல்லாதபோது யாரிடம் போவது?

சபை முடிந்தாலும் மாகாண நிர்வாகம் நிற்பதில்லை. பணம் வருகிறது, பஸ் ஓடுகிறது. நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம், அன்றாட நிர்வாகம் பிரதம செயலாளரிடமும் மாகாண அமைச்சுகளின் செயலாளர்களிடமும். மேல் மாகாண அலுவலகங்கள் பெரும்பாலும் பத்தரமுல்லை டென்சில் கொப்பேகடுவ மாவத்தையில் உள்ள கட்டடத்தில் இருக்கின்றன. உறுப்பினர்களுக்காகக் கட்டிய புதிய சபா மண்டபமும் அங்கேதான். அதற்கு ஒவ்வொன்றும் ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நாற்காலிகள் வாங்கப் போகிறார்கள் என்று 2018இல் செய்தி வந்து ஊரே பேசியது. உட்கார ஆள் இல்லாமல் போகும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

போவதற்கு முன் உங்கள் விடயம் மாகாணத்துடையதா, மத்தியுடையதா என்று பாருங்கள். பிள்ளையின் பாடசாலை தேசிய பாடசாலை என்றால் மத்திய கல்வி அமைச்சு, மாகாணப் பாடசாலை என்றால் வலயக் கல்விப் பணிமனையில் ஆரம்பித்து மாகாணக் கல்விப் பணிப்பாளர் வரை போகலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலை மத்தியின் கீழ். காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பாணந்துறை பஸ் களுத்துறை மாவட்டத்துக்குள் போனாலும் மாகாணத்தைத் தாண்டுவதில்லை, ஆகவே நடத்துநர் மிச்சக்காசு தராவிட்டால் மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபையிடம் முறையிடலாம். புறக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. காணி உறுதி எழுதும்போது கட்டும் முத்திரை வரி மாகாண வருமானத் திணைக்களத்துக்குப் போகிறது. முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். உங்களுக்குப் பிரதிநிதி இல்லாத இடத்துக்கு நீங்கள் கட்டும் வரி அது.

கடிதத்தைத் தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு, தமிழில் பதில் கேட்கவும் உரிமை உண்டு. பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும்.

'முன்னாள் மாகாண சபை உறுப்பினர்' என்று அச்சடித்த கடிதத் தலைப்போடு சிபாரிசுக் கடிதம் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெரிந்தவர் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் சட்டப்படி அந்தக் கையெழுத்துக்கு உங்கள் மாமாவின் கையெழுத்துக்கு உள்ள பெறுமதிதான்.

கடைசியாக, உங்கள் பெயர் எந்த மாகாணத்தில்?

கொழும்பில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பலரின் பெயர் ஊரில்தான் பதிவாகியிருக்கும். ஜனாதிபதித் தேர்தலுக்கு அது பெரிய வித்தியாசம் செய்யாது. மாகாண சபைக்கு முழு வித்தியாசம். பெயர் பருத்தித்துறையில் இருந்தால் நீங்கள் வட மாகாண சபைக்கான வாக்காளர், வெள்ளவத்தையில் இருந்தால் மேல் மாகாண சபைக்கு. இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. வடக்கின் சபை யார் கையில் இருக்க வேண்டும் என்பது முக்கியமா, பிள்ளை படிக்கும் பாடசாலையும் ஏறும் பஸ்ஸும் முக்கியமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். நிரந்தரமாக இங்கேதான் என்றால் இங்கே பதிவதே நியாயம் என்பது என் எண்ணம். ஊர்ப்பாசத்தால் அங்கேயே வைத்துவிட்டு, வாக்களிப்பு நாளில் பஸ் கிடைக்காமல் வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் அதிகம்.

பதிவை மாற்ற உங்கள் பிரிவின் கிராம உத்தியோகத்தரைப் பாருங்கள். வருடாந்த மீளாய்வின்போது படிவம் வரும். வாடகை வீட்டில் இருப்பவரைத் தன் முகவரியில் பதிய வீட்டுக்காரர் தயங்கினால் அதையும் கிராம உத்தியோகத்தரிடமே சொல்லுங்கள், பதிவதால் வீட்டில் உங்களுக்கு உரித்து எதுவும் வந்துவிடாது. பெயர் ஏறியதா என்பதைத் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆணைக்குழுவின் அலுவலகம் இராஜகிரியவில் இருக்கிறது.

தேர்தல் வரும் வரும் என்று பத்திரிகைகள் வருடா வருடம் எழுதும். அதை நம்பிப் பிரயாணச் சீட்டை மாற்ற வேண்டாம். இரண்டு விடயத்தை மட்டும் கவனியுங்கள்: தேர்தல் முறை பற்றிய திருத்தச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியதா, அதன் பின் வேட்புமனு கோரும் அறிவித்தல் வர்த்தமானியில் வந்ததா. இரண்டாவது வந்துவிட்டால் வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்க நேரம் இருக்காது, ஆகவே அந்த வேலையை இந்த வருட மீளாய்விலேயே முடித்துவிடுங்கள்.